காய்ச்சலோடு புள்ளி கண்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்

(இறம்பொடையில் கூடிய தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் மத்தியில் நமது சங்கத்தின் சுகாதாரக் குழு வழங்கிய உரை)



சம்பளத்தையும் காணியையும் பற்றிப் பேசும் சங்கம் இன்றைக்கு ஏன் ஒரு நோயைப் பற்றிப் பேச வருகிறது என்று சிலர் கேட்டார்கள். பதில் சுலபமானது. தோட்டத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாய்க்கு அன்றைய பேர் இல்லை. இரவில் வந்தால் வாகனம் இல்லை. வாகனம் கிடைத்தால் அதற்குக் கொடுக்கப் பணம் இல்லை. இந்த மூன்று 'இல்லை'களுக்கு நடுவில்தான் நாம், "விடியட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று முடிவெடுக்கிறோம். பெரும்பாலான காய்ச்சல்களுக்கு அந்த முடிவால் பெரிய பாதகம் வருவதில்லை. ஆனால் ஒரு சில நோய்கள் இருக்கின்றன. அவை விடியும்வரை காத்திருப்பதில்லை. அவற்றில் முதலாவது, மெனிங்கோகோக்கல் நோய்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இது அரிதான நோய். இறம்பொடைக்கு இந்த நோய் வந்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. இந்தக் கூட்டம் முடிந்து போனவுடன் அப்படி யாரும் வதந்தி கிளப்பவும் வேண்டாம். அரிதான நோயாக இருந்தாலும் அது ஆளைக் கொல்ல எடுக்கும் நேரம் மிகக் குறைவு. அதனால்தான் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்கிறோம்.

காலிச் சிறைச்சாலையில் நடந்தது

இது ஆபிரிக்காவில் இருக்கும் நோய், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்ட் மாதத்தில் நமது நாட்டில் காலிச் சிறைச்சாலையில் கைதிகள் சிலருக்குக் காய்ச்சல் வந்தது. தோலில் தடிப்பும் கண்டது. கராப்பிட்டிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். இருவர் இறந்துபோனார்கள். சோதித்துப் பார்த்தபோது மெனிங்கோகோக்கல் என்ற பக்டீரியா என்று தெரியவந்தது. புதிய கைதிகளை அந்தச் சிறையில் ஏற்பதை நிறுத்தினார்கள். பார்க்க வரும் உறவினர்களையும் நிறுத்தினார்கள். அதே வருடம் டிசம்பரில் மாத்தறைச் சிறைச்சாலையிலும் இதே நோய்ச் சந்தேகத்தில் ஒரு கைதி இறந்ததாகச் செய்தி வந்தது.

ஏன் சிறைச்சாலையில் வந்தது? நமது நாட்டுச் சிறைகளில் கட்டியபோது கணக்கிட்ட ஆட்களைவிடப் பல மடங்கு ஆட்களை அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் மூச்சு மற்றவர் முகத்தில் படும்படி படுக்கிறார்கள். காற்று வர வழி இல்லை. வெளியிலிருந்து புதிய ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

தோழர்களே, இந்த விவரத்தைக் கேட்கும்போது உங்களுக்கு வேறொரு இடம் ஞாபகம் வரவில்லையா? பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிரா. முன்னால் ஒரு இஸ்தோப்பு. உள்ளே தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பிள்ளைகள். குளிருக்காகக் கதவையும் அடைத்து, இருக்கும் ஒற்றை ஜன்னலையும் சாக்குப் போட்டு மூடியிருப்போம். அடுப்புப் புகையும் உள்ளேதான். நாம் கைதிகள் இல்லை. ஆனால் இந்தக் கிருமி கைதியா தொழிலாளியா என்று பார்ப்பதில்லை. நெரிசல் எங்கே என்று மட்டுமே பார்க்கிறது.

இந்தியாவிலும் இப்படித்தான். 2005இல் டெல்லியில் இந்த நோய் பரவியபோது அடர்த்தியாக மக்கள் வாழும் பழைய டெல்லிப் பகுதிகள்தான் முதலில் அடிபட்டன. 2008, 2009 ஆண்டுகளில் மேகாலயா, திரிபுரா என்ற வடகிழக்கு மலை மாநிலங்களில் பரவியது. ஆகவே குளிர்ந்த மலைநாடு என்பது நமக்குப் பாதுகாப்பு இல்லை.

இந்த நோய் என்ன செய்கிறது?

நமது மூளையையும் முள்ளந்தண்டு நரம்பையும் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அந்த உறையில் கிருமி தொற்றி வீங்குவதை டாக்டர்மார் மெனிஞ்சைட்டிஸ் என்பார்கள். தமிழில் மூளை உறை அழற்சி. நாம் பொதுவாக 'மூளைக்காய்ச்சல்' என்று சொல்லும் பெயருக்குள் பல நோய்கள் அடங்கும். நுளம்பு கடித்து வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வேறு. இன்று நாம் பேசும் நோய் நுளம்பால் வருவதில்லை. தண்ணீரால், சாப்பாட்டால் வருவதில்லை. மனிதனிடமிருந்து மனிதனுக்கு மட்டும்தான் வருகிறது.

இந்தக் கிருமியை 1887ஆம் ஆண்டு வியன்னா நகரத்தில் வைக்செல்பௌம் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். அது இருக்கும் இடம் நமது மூக்கும் தொண்டையும். ஏறக்குறைய 10 பேரில் ஒருவர் இந்தக் கிருமியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு ஒரு நோயும் இல்லாமல் நடமாடுகிறார். இளவட்டப் பிள்ளைகளிடம் இது இன்னும் அதிகம். பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யாமல் சில வாரங்களில் அல்லது மாதங்களில் போய்விடும். எங்கோ ஒருவருக்கு மட்டும் தொண்டையைத் தாண்டி இரத்தத்துக்குள் இறங்கிவிடுகிறது. இறங்கிய பிறகு இரண்டு வழிகளில் தாக்கும். ஒன்று, மூளை உறையைத் தாக்கும். மற்றது, இரத்தத்தையே நஞ்சாக்கும். இரண்டாவது இன்னும் வேகமானது. காலையில் விளையாடிய பிள்ளையை மறுநாள் காலைக்குள் பறித்துவிடக்கூடியது.

கணக்கைச் சொல்கிறோம். நல்ல வைத்தியம் கிடைத்தாலும் இந்த நோய் கண்ட 10 பேரில் ஒருவராவது இறக்கிறார். வைத்தியமே கிடைக்காவிட்டால் பாதிப் பேர் இறந்துபோகலாம். தப்பியவர்களிலும் 10 பேரில் ஒருவர் அல்லது இருவருக்குக் காது கேளாமை, வலிப்பு, கை கால் இழப்பு என்று ஆயுளுக்கும் நிற்கும் குறை வந்துவிடுகிறது. இதே நோய்க்கு மருந்து இருக்கிறது. நாளத்தில் ஏற்றும் சாதாரண அன்டிபயோடிக் ஊசிதான். அரச வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கும். மருந்து இருந்தும் மனிதன் சாவது, அந்த மருந்து இருக்கும் இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேராததால்தான்.

எதைப் பார்க்க வேண்டும்?

கிருமி தொற்றி 2 நாளிலிருந்து 10 நாளுக்குள், பெரும்பாலும் 3, 4 நாட்களில் நோய் காட்டும். ஆரம்பத்தில் தடிமன் காய்ச்சல் போலத்தான் இருக்கும். முதல் சில மணித்தியாலங்களில் டாக்டராலும் பிரித்தறிவது கஷ்டம். ஆகவே ஒரு தடவை பார்த்துவிட்டுத் தூங்கிவிடாமல், காய்ச்சல் கண்டவரை இரவில் திரும்பத் திரும்ப எழுப்பிப் பார்க்க வேண்டும்.

பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும்: திடீரென்று கடும் காய்ச்சல். இதுவரை கண்டிராத தலைவலி. வாந்தி. நாடியை நெஞ்சில் தொடும்படி கழுத்தைக் குனிய முடியாமை. விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்துதல். எழுப்ப எழுப்ப மயங்கிக் கிடத்தல், சம்பந்தமில்லாமல் பேசுதல்.

இரத்தத்தில் நஞ்சேறும்போது: உடம்பு நெருப்பாகக் கொதிக்கும், ஆனால் கையும் காலும் ஐஸ் போலக் குளிரும். கால் தசை தாங்க முடியாமல் வலிக்கும். தோல் வெளிறிப் போகும். மூச்சு வேகமாக வாங்கும். இவை சில வேளைகளில் புள்ளி தோன்றுவதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

கைக்குழந்தைக்கு: பால் குடிக்காது. வழமையான அழுகை இல்லாமல் கீச்சென்று அழும். அல்லது அழவே தெம்பில்லாமல் துணி போலத் துவண்டு கிடக்கும். உச்சிக்குழி மேலே புடைத்து நிற்கும். தூக்கினால் இன்னும் அதிகமாக அழும். குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலே இந்த நோய் இருக்கலாம்.

கடைசியாகப் புள்ளி. குண்டூசி முனை அளவு சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோன்றும். பிறகு கன்றிப்போன காயம் போலப் பெரிதாகும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். அடிப்பக்கம் தெளிவான கண்ணாடிக் கிளாஸ் ஒன்றை எடுத்துப் புள்ளியின் மேல் பக்கவாட்டில் அழுத்துங்கள். அழுத்தும்போது புள்ளி மறைந்தால் அது சாதாரணத் தடிப்பாக இருக்கலாம். மறையாமல் கண்ணாடிக்குள்ளால் அப்படியே தெரிந்தால், தோலுக்கு அடியில் இரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

நமது தோல் கறுப்பு, மாநிறம். கைமேலும் முதுகிலும் புள்ளி சரியாகத் தெரியாது. ஆகவே உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்பக்கம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களைப் பாருங்கள். காம்பிராவுக்குள் மங்கல் வெளிச்சத்தில் பார்க்காமல் டோர்ச் அடித்துப் பாருங்கள். போர்வையையும் சுவெட்டரையும் கழற்றி உடம்பு முழுவதையும் பாருங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். எல்லோருக்கும் புள்ளி வருவதில்லை. புள்ளி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று அர்த்தமல்ல. பிள்ளை வழமை போல இல்லை, நேரத்துக்கு நேரம் மோசமாகிக்கொண்டு போகிறது என்று தாய்க்குத் தோன்றினால் அதுவே போதுமான காரணம். டெங்குக் காய்ச்சலிலும் எலிக்காய்ச்சலிலும்கூட இப்படி மறையாத புள்ளியும் சோர்வும் வரலாம். எந்த நோய் என்று நாம் கண்டுபிடிக்கத் தேவையில்லை. மூன்றுக்கும் போக வேண்டிய இடம் ஒன்றுதான்.

அம்மையா, நோயா?

இப்போது நாங்கள் சொல்லப்போவது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். பொறுமையாகக் கேளுங்கள்.

காய்ச்சலோடு உடம்பில் புள்ளி கண்டால் நமது லயத்தில் முதலில் வரும் வார்த்தை என்ன? "அம்மை போட்டிருக்கு." உடனே வேப்பிலையை வாசலில் சொருகுவோம். வீட்டில் தாளிக்க மாட்டோம். வெளியாளை உள்ளே விட மாட்டோம். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால், ஊசி போட்டால் அம்மாளுக்குக் கோபம் வரும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். மாரியம்மன் மீதான பக்தியை நாங்கள் குறை சொல்லவில்லை. நாங்களும் அதே கோயிலில் திருவிழா எடுக்கிறவர்கள்தான். வேப்பிலையை வையுங்கள், விளக்கேற்றுங்கள், மஞ்சள் துணியில் காசை முடிந்து வையுங்கள். ஆனால் அதைச் செய்யும் அதே நேரத்தில் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கூட இருக்கும் பாட்டி வீட்டில் விளக்கைப் பார்த்துக்கொள்ளட்டும், தாயும் தகப்பனும் பிள்ளையோடு போகட்டும்.

வித்தியாசத்தையும் சொல்லிவைக்கிறோம். சின்னம்மையில் நீர் கோத்த கொப்புளம் வரும், அரிக்கும், ஒரு நாளுக்கு ஒரு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். மெனிங்கோகோக்கல் புள்ளியில் நீர் கோக்காது, அரிப்பும் இருக்காது. ஊதா நிறத்தில், மணித்தியாலக் கணக்கில் பரவும். சந்தேகம் வந்தால் கண்ணாடிக் கிளாசை எடுங்கள்.

இன்னொரு பழக்கம். காய்ச்சலில் ஒருவர் பிதற்றினால், உடம்பு வெட்டினால் "காத்து பட்டிருக்கு" என்று கயிறு கட்டுவது, மந்திரிப்பது. மூளை உறை வீங்கினால் பிதற்றல் வரும், வலிப்பு வரும். கயிறு கட்டுபவரை வரவழைக்கும் நேரத்தில் ஆம்புலன்சை வரவழைக்கலாம்.

பெனடோல் கொடுப்பதில் தவறில்லை. கொத்தமல்லித் தண்ணீர் கொடுப்பதிலும் தவறில்லை. ஆனால் பெனடோலுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்பதால் நோய் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. கடையில் விற்கும் அன்டிபயோடிக் குளிசையை வாங்கி அரைகுறையாகக் கொடுத்து நாளைக் கடத்தவும் வேண்டாம்.

இரவில் என்ன செய்வது?

1990ஐ அழையுங்கள். சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசம். பதற்றத்தில் இடத்தைச் சொல்லத் தெரியாமல் தவிப்பதுதான் நமக்கு வழக்கமாக வரும் சிக்கல். 'மேல் டிவிசன் லயம்' என்று சொன்னால் கொழும்பில் இருப்பவருக்கு என்ன புரியும்? ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்: தோட்டத்தின் பெயர், டிவிசன், லயன் இலக்கம், நுவரெலியா-கண்டி பெருவீதியிலிருந்து எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், அடையாளமாக எந்தக் கோயில் அல்லது கடை. ஆம்புலன்ஸ் ஏற முடியாத பாதையாக இருந்தால் நோயாளியைப் பெருவீதி வரை இறக்கிக்கொண்டுவர ஆள் ஏற்பாடு செய்துகொண்டே அழையுங்கள். ஒரு இளைஞனை டோர்ச்சோடு சந்தியில் நிறுத்துங்கள்.

ஆம்புலன்ஸ் வரத் தாமதம் என்றால் முச்சக்கர வண்டியோ, லொறியோ, கிடைத்ததில் கிளம்புங்கள். மேலே நுவரெலியாவா, கீழே கம்பளையா என்று விவாதித்துக்கொண்டிருக்க வேண்டாம். டாக்டர் இருக்கும் மிக அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கு முதலில் போங்கள். முதல் ஊசி எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. அங்கிருந்து பெரிய வைத்தியசாலைக்கு மாற்றுவது அவர்கள் வேலை.

போனவுடன் வரிசையில் உட்கார்ந்து உங்கள் முறைக்குக் காத்திருக்காதீர்கள். நமது ஆட்கள் வைத்தியசாலையில் வாய் திறப்பதில்லை. பாஷை தெரியாது என்ற கூச்சம், துரையிடம் நின்று பழகிய பயம். இந்த ஒரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள்: "காய்ச்சல், மறையாத புள்ளி, கழுத்தைக் குனிய முடியவில்லை." தமிழ் தெரியாத தாதி இருந்தால் சிங்களத்தில் சொல்லுங்கள்: "உண தியெனவா, ஹமே லப தியெனவா, பெல்ல நவன்ன பே." எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்ன மருந்து கொடுத்தீர்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் சொல்லுங்கள்.

டாக்டர்மார் முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்று சொல்லலாம். "முதுகில் ஊசி போட்டால் இடுப்பு விளங்காமல் போய்விடும்" என்று பயந்து சிலர் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். அந்த ஊசி முள்ளந்தண்டு நரம்பு முடிந்த இடத்துக்குக் கீழேதான் போடப்படுகிறது. சில துளி நீர்தான் எடுப்பார்கள். என்ன கிருமி, எந்த மருந்து என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி. பயப்படாமல் சம்மதியுங்கள்.

குணமாகி வீடு வந்த பிள்ளைக்குச் சில வாரங்களுக்குள் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள். காது கேளாத பிள்ளையை "படிப்பு ஏறவில்லை" என்று பாடசாலையில் கடைசி வாங்கில் உட்காரவைத்துவிடுவார்கள்.

கூட இருந்தவர்களுக்கு

ஒருவருக்கு இந்த நோய் உறுதியானால், அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும், ஒரே பாயில் படுத்தவர்களுக்கும், மிக நெருங்கிப் பழகியவர்களுக்கும் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். முடிந்தவரை 24 மணித்தியாலத்துக்குள். சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பட்டியல் எடுக்க வருவார்கள். அந்தப் பட்டியலில் யாரையும் மறைக்காதீர்கள். கொழும்பிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கிப்போன மருமகனையும் சொல்லுங்கள்.

சிலருக்கு ஒரே ஒரு குளிசை, சிலருக்கு ஒரே ஒரு ஊசி, சிலருக்கு ரிஃபாம்பிசின் என்ற மருந்து இரண்டு நாளைக்கு. யாருக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணியாக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ரிஃபாம்பிசின் குடித்தால் சிறுநீரும் கண்ணீரும் செம்மஞ்சளாகப் போகும். பயப்பட வேண்டாம், பிறகு சரியாகிவிடும். ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை குடிக்கும் தாய்மார் அதைச் சொல்ல வேண்டும். இந்த மருந்து அந்தக் குளிசையின் பலனைக் குறைத்துவிடும்.

திறந்த மலையில் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தவருக்கு மருந்து தேவைப்படாது. தோட்டம் முழுவதும் ஓடிப்போய் மருந்து கேட்க வேண்டியதும் இல்லை. இந்தக் கிருமி உடம்புக்கு வெளியே அதிக நேரம் உயிரோடு இருக்காது. அந்தக் குடும்பத்தை ஒதுக்கிவைப்பது, பீலியில் தண்ணீர் பிடிக்க விடாமல் தடுப்பது, பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கேலி செய்வது, இவற்றைச் சங்கம் அனுமதிக்காது. இன்று ஒதுக்கிவைத்தால் நாளைக்கு நோய் வந்தவன் மறைப்பான். மறைத்தால் எல்லோருக்கும் ஆபத்து.

தடுப்பூசி உண்டா?

உண்டு. ஆனால் நமது நாட்டில் பிள்ளைகளுக்கு வழமையாகப் போடும் ஊசிகளில் இந்த நோய்க்கான ஊசி இல்லை. ஹஜ் யாத்திரைக்குப் போகும் நமது முஸ்லிம் அயலவர்கள் இதைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜில் இந்த நோய் பரவிப் பல நாடுகளுக்குப் போனது. அதன் பிறகு நான்கு வகைக் கிருமிகளுக்கும் சேர்த்துப் போடும் ஊசி கட்டாயமானது.

ஆனால் மூளை உறையைத் தாக்கும் வேறு கிருமிகளுக்கான ஊசிகள் நமக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி குழந்தைகளை மூளைக்குப் போகும் காசநோயிலிருந்து காக்கிறது. 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து நோய் ஊசியில் ஹிப் என்ற கிருமிக்கான மருந்து 2008 முதல் சேர்ந்திருக்கிறது. குழந்தைகளின் மூளை உறையைத் தாக்குவதில் ஹிப் பேர்போனது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் ஊசி இருக்கிறது. கிளினிக் நாளில் பேர் போய்விடும் என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். தவறியிருந்தால் குடும்பநல மருத்துவிச்சியிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏழை நாடுகள் இந்த நோயை வென்ற கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆபிரிக்காவில் செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை ஒரு பட்டி போல நீளும் நாடுகளில் இந்த நோய் ஆண்டாண்டு காலமாக வாரிக்கொண்டு போனது. 1996, 1997 ஆண்டுகளில் மட்டும் ஏறக்குறைய 2,50,000 பேருக்கு நோய் வந்து, 25,000 பேர் இறந்தார்கள். பெரிய மருந்துக் கம்பெனிகளுக்கு அங்கே இலாபம் இல்லை. 50 அமெரிக்கச் சதத்துக்குக் கூடுதலான விலை என்றால் எங்களால் வாங்க முடியாது என்று அந்த நாடுகள் திட்டவட்டமாகச் சொல்லின. இந்தியாவில் பூனேயிலுள்ள சீரம் நிறுவனம் அந்த விலைக்குள் ஊசியைச் செய்து கொடுத்தது. 2010 டிசம்பரில் புர்கினா பாசோவில் போடத் தொடங்கினார்கள். அந்தப் பட்டியில் அதிகம் ஆளைக் கொன்ற 'ஏ' வகைக் கிருமி இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. தங்களுக்கு என்ன தேவை, எந்த விலைக்குத் தேவை என்று ஒன்றாக நின்று கேட்டதால் கிடைத்தது. தொழிற்சங்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வீட்டில் நாம் செய்யக்கூடியது

பகலில் கதவையும் ஜன்னலையும் திறந்து காற்று விடுங்கள். படுக்கும்போது தலையோடு தலை வைத்துப் படுக்காமல், ஒருவர் தலைமாட்டில் மற்றவர் காலை நீட்டிப் படுத்தால் மூச்சு நேராகப் படாது. இருமும்போது, தும்மும்போது முழங்கையால் மூடுங்கள். ஒரே கோப்பையில் மாறி மாறிக் குடிப்பது, ஒரே பீடியை, சிகரட்டைக் கை மாற்றிப் புகைப்பது, இவற்றை விட்டுவிடுங்கள். புகை தொண்டையின் உட்தோலைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழி திறக்கிறது. பிள்ளை படுக்கும் காம்பிராவில் யாரும் புகைக்கக் கூடாது.

கொழும்பில் கடைகளிலும் கார்மென்ட்களிலும் வேலை செய்யும் நமது பிள்ளைகள் ஒரே போடிங் அறையில் எட்டு, பத்துப் பேராகத் தங்குகிறார்கள். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் லயத்துக்கு வருகிறார்கள். அவர்கள் வருவதைக் குறை சொல்லவில்லை. வந்து சில நாட்களுக்குள் அவர்களுக்கோ வீட்டுப் பிள்ளைகளுக்கோ கடும் காய்ச்சல் வந்தால் கூடுதல் கவனம் தேவை என்கிறோம். மண்சரிவுக் காலத்தில் பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் கூட்டமாகத் தங்கும்போதும் இதே கவனம் வேண்டும்.

நாம் கேட்க வேண்டியது

நமது பாட்டன்மாரைக் கப்பல் ஏற்றுவதற்கு முன்னால் மண்டபம் கேம்பில் அடைத்து வைத்து நோய் இருக்கிறதா என்று சோதித்தார்கள். அன்றைக்குச் சோதித்தது தோட்டத்தைக் காப்பாற்ற. இன்றைக்கு நாம் கேட்பது தொழிலாளியைக் காப்பாற்ற. தனி மனிதனின் கவனத்தால் மட்டும் இந்த நோயைத் தடுக்க முடியாது. ஆகவே இந்தக் கூட்டத்தின் சார்பில் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நிர்வாகத்திடம் எழுத்தில் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை.

ஒன்று: ஒவ்வொரு டிவிசனுக்கும் இரவில் கூப்பிட்டால் வரும் வாகனம் ஒன்றும், அந்தச் சாரதியின் தொலைபேசி இலக்கம் எல்லா லயங்களிலும் எழுதி ஒட்டப்படுவதும் வேண்டும். எழுத்து தமிழில் இருக்க வேண்டும்.

இரண்டு: அவசர நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் தாய் தகப்பனுக்கு அன்றைய பேர் வெட்டக் கூடாது. ஒரு நாள் பேருக்காக ஒரு பிள்ளையை இழக்கும் நிலை எந்தத் தொழிலாளிக்கும் வரக் கூடாது.

மூன்று: பிள்ளைக்காம்பிராவில் காற்றோட்டம் வேண்டும். காலையில் பிள்ளைகளை ஏற்கும்போதே காய்ச்சல் பார்த்து, காய்ச்சல் கண்டால் உடனே தாய்க்கு மலைக்கு ஆள் அனுப்ப வேண்டும். மாலைவரை காத்திருக்கக் கூடாது.

நான்கு: லயன் காம்பிராக்களுக்குத் திறக்கக்கூடிய ஜன்னலும் புகைபோக்கியும் வேண்டும். தனி வீடும் காணியும் என்ற நமது நீண்ட நாள் கோரிக்கையும் சுகாதாரக் கோரிக்கைதான் என்பதை இனி ஒவ்வொரு மேடையிலும் சொல்லுவோம்.

ஐந்து: சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயம் வருடத்துக்கு ஒரு தடவையாவது தமிழில் விளக்கக் கூட்டம் நடத்த வேண்டும். மூளை உறை அழற்சி அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கிறது. தோட்ட டிஸ்பென்சரியில் சந்தேகம் வந்தால் உடனே மேலே அறிவிப்பது தயவு இல்லை, கடமை.

தாய்மார்களே, தலைவிகளே, இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வந்ததும் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு லயத்தில் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் கிளாசையும் டோர்ச்சையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். 1990 என்ற இலக்கத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்து கொடுங்கள். நூறு தடவை போய், "ஒன்றுமில்லை, சாதாரணக் காய்ச்சல்தான்" என்று டாக்டர் திருப்பி அனுப்பினாலும் வெட்கப்பட வேண்டாம். வீண் செலவு என்று யாரும் பேசினால், சங்கம் சொல்லித்தான் போனோம் என்று சொல்லுங்கள். நூற்றோராவது தடவை அது காப்பாற்றும் பிள்ளை யாருடையது என்று இன்றைக்கு நம்மில் யாருக்கும் தெரியாது.